அலை மேல் நின்ற மனிதர்

ஓசூரைத் தொட்டுக்கொண்டு ஓடும் தென்பெண்ணை ஆறு கெலவரப்பள்ளி அணையில் சற்றுத் தங்குகிறது. பிறகு கிருஷ்ணகிரி அணை. பிறகு சாத்தனூர். கடைசியில் கடலூர் அருகே வங்கக் கடலில் கலந்து விடுகிறது.

ஆறு கடலைப் பார்த்து விடுகிறது. ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகளில் கடலைப் பார்க்காதவர்கள் இன்னும் உண்டு. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஊர். அங்கே மழை உண்டு, பனி உண்டு. அலை கிடையாது.

தொழிற்சாலைக்கு நாலு நாள் லீவு வந்தால், மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் குடும்பத்தோடு பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே கரையில் நின்று பார்த்தால் ஓர் அதிசயம் கண்ணில் படும்.

ஆள் உயர அலை ஒன்று உருண்டு வருகிறது. அதன் மேல் ஒரு வாலிபன் நிற்கிறான்! காலுக்கு அடியில் ஒரு பலகை. வேறு பிடிமானம் எதுவும் இல்லை. அலை ஓடுகிறது, அவனும் ஓடுகிறான்.

இதற்கு அலைச்சறுக்கு என்று பெயர். இந்த விளையாட்டை உலகம் பூராவுக்கும் எடுத்துச் சென்று காட்டியவர் ஒரு போலீஸ்காரரின் மகன். ஹவாய்த் தீவில் பிறந்தவர். அவர் பெயர் டியூக் கஹானமோக்கு.

பட்டம் அல்ல, பெயர்

ஹவாய் என்பது பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே உள்ள தீவுக் கூட்டம். அதன் தலைநகரம் ஹொனலூலு. 1890-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி டியூக் அங்கே பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் இவர்தான் மூத்தவர்.

டியூக் என்றால் இங்கிலீஷில் கோமகன் என்று அர்த்தம். இவர் கோமகன் அல்ல. 1869-ல் இங்கிலாந்து இளவரசர் ஒருவர் ஹவாய்க்கு வந்தார். அவர் எடின்பரோ கோமகன். அந்தச் சமயத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு அந்தப் பட்டத்தையே பெயராக வைத்து விட்டார்கள். அந்தக் குழந்தைதான் இவருடைய தகப்பனார். தகப்பனாரின் பெயர் மகனுக்கும் வந்தது.

டியூக்குக்கு இரண்டு வயதாக இருந்தபோது, 1893-ல், ஹவாய் ராணியின் ஆட்சியைக் கவிழ்த்து விட்டார்கள். 1898-ல் அமெரிக்கா அந்தத் தீவுகளைத் தன்னோடு சேர்த்துக் கொண்டது. பிறந்தபோது அவர் ஒரு ராஜ்யத்தின் பிரஜை. பள்ளிக்கூடம் போகும் வயதில் வேறு ஒரு தேசத்தின் பிரஜை.

நாலு வயதில் தகப்பனாரும் மாமாவும் அவரைப் படகில் ஏற்றிக் கொண்டு போய்க் கடலில் தூக்கிப் போட்டார்கள். நீந்து, இல்லாவிட்டால் முழுகு! அதுதான் அந்த நாளைய பாடம். பையன் நீந்தினான். (நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த முறை வேண்டாம். இடுப்பளவுத் தண்ணீரில், பெரியவர்கள் பக்கத்தில் நிற்க, பழகுவதே நல்லது.)

குடும்பம் பெரிது. வருமானம் சிறிது. டியூக் படிப்பை முடிக்கவில்லை. பத்திரிகை விற்றார். துறைமுகத்தில் வேலை செய்தார். வேலை இல்லாத நேரமெல்லாம் வைக்கிக்கி என்ற கடற்கரையில் கழிந்தது.

முள்முருங்கைப் பலகை

அலை மேல் நிற்பது ஹவாய் மக்களின் பழைய கலை. ராஜாவும் நின்றார், ராணியும் நின்றார், மீனவனும் நின்றான். தலைவர்களுக்கு மிக நீளமான பலகை. சாதாரண மக்களுக்குக் குட்டையான, மெல்லிய பலகை.

பலகைக்கு எந்த மரம்? இதைக் கேட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்து விவசாயிக்குச் சிரிப்பு வரும். நம் ஊரில் வேலிக்கு வைக்கும் முள்முருங்கை இருக்கிறதல்லவா? அந்த இனத்து மரம் ஹவாயிலும் உண்டு. அது மிகவும் லேசானது. நீளமான பலகைகளை அதில் செய்தார்கள். கோவா என்று ஒரு மரம். அது நம் கருவேல மரத்துக்குச் சொந்தம். கனமானது, உறுதியானது. அதிலும் செய்தார்கள். சீமைப்பலா மரத்திலும் செய்தது உண்டு.

மரத்தை வெட்டுவதற்கு முன் அதன் வேரடியில் ஒரு சிவப்பு மீனை வைத்து வேண்டிக் கொள்வார்களாம். பிறகு செதுக்கி, பவழக் கல்லால் தேய்த்து, கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெயைப் பூசி, துணியில் சுற்றிப் பத்திரமாக வைப்பார்கள். நம் தச்சர்கள் உளியை எடுக்கும்போது சாமி கும்பிடுவது போலத்தான்.

1778-ல் வெள்ளைக்காரர்களின் கப்பல் வந்தது. கப்பலோடு புதிய நோய்களும் வந்தன. ஹவாய் மக்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். பின்னால் வந்த பாதிரிமார்களுக்கு அரைகுறை உடையோடு கடலில் ஆடுவது பிடிக்கவில்லை. பலகைகள் மூலையில் சாய்ந்தன. டியூக் பிறந்த காலத்தில் அலை மேல் நிற்பவர்கள் வெகு சிலரே. தாத்தா விளையாடியதைப் பேரன் பார்த்ததில்லை என்ற நிலை.

அந்தச் சிலரோடு சேர்ந்து விளையாட்டை மீண்டும் எழுப்பிய வாலிபர்களில் டியூக்கும் ஒருவர்.

55.4 விநாடி

ஆனால் உலகம் முதலில் தெரிந்து கொண்டது அலைச்சறுக்கு டியூக்கை அல்ல, நீச்சல் டியூக்கைத்தான்.

1911-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி ஹொனலூலு துறைமுகத்தில் ஒரு நீச்சல் பந்தயம். குளம் கிடையாது. கப்பல் நிற்கும் இடத்தில் உப்புத் தண்ணீரிலேயே பந்தயம். 100 கெஜ தூரத்தை டியூக் 55.4 விநாடியில் நீந்தி விட்டார். அதுவரை இருந்த உலக சாதனையை விட 4.6 விநாடி குறைவு!

கடிகாரம் பிடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். தூரத்தைத் திரும்பவும் அளந்தார்கள். சரியாகவே இருந்தது.

அமெரிக்காவில் இருந்த விளையாட்டுச் சங்கம் நம்பவில்லை. கடிகாரம் தவறாக இருக்கும், இல்லாவிட்டால் நீரோட்டம் தள்ளியிருக்கும் என்று சொல்லிக் கணக்கில் சேர்க்க மறுத்து விட்டது. சான்றிதழ் இல்லாத வேலைக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

நேரில் வந்து காட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஊர்க்காரர்கள் பணம் வசூல் செய்து அவரை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். அங்கே குளிர்ந்த தண்ணீர். சுவரைத் தொட்டுத் திரும்பும் குளம். இரண்டும் அவருக்குப் புதிது. தடுமாறினார், பழகினார், வென்றார்.

1912-ல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. 100 மீட்டர் நீச்சலில் டியூக்குக்குத் தங்கப் பதக்கம். அணியாக நீந்தியதில் ஒரு வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது.

1916 ஒலிம்பிக்கை உலக யுத்தம் விழுங்கியது. 1920-ல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் மறுபடியும் 100 மீட்டர். அன்று ஆகஸ்டு 24. டியூக்கின் 30-வது பிறந்தநாள்! உலக சாதனையோடு முதலாவதாக வந்தார். ஆனால் ஆஸ்திரேலிய வீரர் தமக்கு இடைஞ்சல் ஏற்பட்டதாகப் புகார் செய்தார். பந்தயத்தை இன்னொரு நாள் திரும்ப நடத்தினார்கள். திரும்பவும் டியூக்தான் முதல். அணிப் பந்தயத்திலும் தங்கம்.

1924-ல் பாரிஸ். இவருக்கு வயது 33. இளைஞர் ஒருவர் இவரைத் தோற்கடித்தார். அவர் பெயர் ஜானி வைஸ்முல்லர். பிற்காலத்தில் சினிமாவில் டார்சானாக நடித்தாரே, அவரேதான். டியூக் இரண்டாவது. மூன்றாவதாக வந்தவர் யார் தெரியுமா? டியூக்கின் சொந்தத் தம்பி சாம்!

ஆஸ்திரேலியாவில் ஒரு தச்சு வேலை

1914 டிசம்பரில் நீச்சல் பந்தயங்களுக்காக டியூக் ஆஸ்திரேலியா சென்றார். சிட்னி நகரக் கடற்கரைகளில் நல்ல அலை இருந்தது. அதன் மேல் நிற்கத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. டியூக் தம்முடைய பலகையைக் கொண்டு போகவில்லை.

கவலைப்படவில்லை. உள்ளூரில் பைன் மரம் வாங்கினார். தாமே ஒரு பலகையைச் செதுக்கினார். நீளம் எட்டரை அடிக்குச் சற்று அதிகம். பிரெஷ்வாட்டர் என்ற கடற்கரையில் அதை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போனார். கரையில் ஜனங்கள் கூடி நின்றார்கள்.

அவர் அலை மேல் எழுந்து நின்றார். நின்றபடியே கரைக்கு வந்தார். பிறகு இசபெல் லெதம் என்ற பதினைந்து வயதுப் பெண்ணையும் தம் பலகையில் ஏற்றிக் கொண்டு அலை மேல் வந்தார். ஜனங்கள் பிரமித்தனர். இன்று அலைச்சறுக்கில் ஆஸ்திரேலியா முன்னணியில் இருக்கும் நாடு. அந்தப் பைன் பலகையை பிரெஷ்வாட்டர் உயிர்காப்புச் சங்கத்தார் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள்.

ஒரு மூட்டை அரிசி

டியூக் விரும்பிய பலகை சிறியது அல்ல. பழைய தலைவர்களின் பலகை மாதிரியில் கோவா மரத்தில் ஒன்று வைத்திருந்தார். 16 அடி நீளம். 114 பவுண்டு எடை. அதாவது 52 கிலோ. ஒரு மூட்டை அரிசியைத் தலையில் வைத்துக் கொண்டு கடலுக்குப் போவது போல!

இந்த எடைக்குக் காரணம் உண்டு. நீளமும் அகலமும் கனமும் உள்ள பலகை நன்றாக மிதக்கும். அலை இன்னும் உடையாமல் மெதுவாக மேடு கட்டும்போதே அதைப் பிடித்து விடலாம். பிடித்தபின் நேராக ஓடும், ஆட்டம் காணாது. ஆனால் திருப்புவது பெரும்பாடு. அந்தப் பலகைகளுக்கு அடியில் மீன் துடுப்பு போன்ற பட்டை கிடையாது. காலைத் தண்ணீரில் இழுத்துத்தான் திருப்ப வேண்டும். 1935-ல் டாம் பிளேக் என்ற அமெரிக்கர்தான் அந்தப் பட்டையைப் பொருத்திப் பார்த்தார். அவர் டியூக்கைப் பார்த்து அலைச்சறுக்கில் ஆசை கொண்டவர்.

1917-ல் வைக்கிக்கியில் பெரிய அலைகள் எழுந்த ஒரு நாளில், டியூக் ஒரே அலையில் ஒரு மைலுக்கு மேல் நின்றபடியே வந்தார். நடந்து போனாலே இருபது நிமிஷம் ஆகும் தூரம்!

அவருடைய வித்தை என்ன? ஒகேனக்கல் பரிசல் ஓட்டியைப் பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அவர் தண்ணீரோடு சண்டை போடுவதில்லை. சுழல் எங்கே, ஓட்டம் எங்கே என்று பார்த்து, தண்ணீர் போகிற போக்கில் பரிசலைக் கொடுத்து விடுகிறார். டியூக்கும் அப்படித்தான். பலகையில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளாலும் தண்ணீரைத் தள்ளுவார். முதுகுக்குப் பின்னால் அலை வந்து பலகையின் வாலைத் தூக்கும்போது இரண்டு மூன்று வீச்சு வேகமாகப் போடுவார். பலகை தானாகச் சறுக்கத் தொடங்கியதும் மார்புக்குப் பக்கத்தில் கையை ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து விடுவார். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. முழங்கால் மடிந்திருக்கும். பார்வை காலைப் பார்க்காது, கரையைப் பார்க்கும். அலையை நேராக இறங்காமல், அதன் சரிவில் பக்கவாட்டாக ஓடுவார்.

இன்று பழகுவதும் இதே முறைதான். பலகைதான் மாறி விட்டது. உள்ளே நுரைப் பொருள், மேலே கண்ணாடி நாரும் பிசினும். ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்கு பைபர் என்றால் போதும், புரிந்து விடும். 52 கிலோ எங்கே, இது எங்கே? சிறுவன்கூடத் தூக்கலாம்.

புதிதாகப் பழகுகிறவர்கள் கடையில் செய்யும் தவறு ஒன்று உண்டு. பந்தய வீரர்கள் வைத்திருக்கும் குட்டையான, கூர்மையான பலகையை ஆசைப்பட்டு வாங்கி விடுவார்கள். அது அவர்களைத் தாங்காது. தண்ணீருக்குள் அமிழும், எழுந்து நிற்கவும் விடாது. டியூக்கின் வழியே சரி. முதலில் பெரிய பலகை. எட்டு அல்லது ஒன்பது அடி நீளம், இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம், மூன்று அங்குல கனம். மேலே மெத்தென்று இருக்கும் பலகையாக இருந்தால் தலையில் பட்டாலும் அடி குறைவு. ஆள் கனமாக இருந்தால் பலகையும் பெரிதாக இருக்க வேண்டும். பழைய பலகை வாங்கினால் விளிம்பைத் தடவிப் பார்ப்பது அவசியம். விரிசல் இருந்தால் உள்ளே தண்ணீர் ஏறும். பலகை கனத்துப் போகும், கெட்டும் போகும்.

கால் வழுக்காமல் இருக்க மேல் பக்கத்தில் மட்டும் மெழுகு தேய்க்கிறார்கள். பலகையையும் கணுக்காலையும் ஒரு கயிறு இணைக்கிறது. பலகையின் நீளத்துக்குக் குறையாமல் கயிறு இருக்க வேண்டும். டியூக் காலத்தில் இந்தக் கயிறு கிடையாது. விழுந்தால் பலகை கரைக்குப் போய்விடும். பின்னாலேயே நீந்திப் போய்த்தான் எடுக்க வேண்டும். ஆகவே அந்த நாளில் நீச்சல் தெரியாதவன் பலகையைத் தொட மாட்டான். இன்று கயிறு இருக்கிறது என்ற தைரியத்தில் நீச்சல் தெரியாதவர்களும் இறங்கி விடுகிறார்கள். கயிறு அறுந்தால்?

விழும்போது தலையை இரு கைகளால் மூடிக்கொண்டு தட்டையாக விழ வேண்டும். பலகையை அலைக்கும் தனக்கும் நடுவில் பிடிக்கவே கூடாது, மார்பில் மோதும். நீரோட்டம் கடலுக்குள் இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து வெளியே வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகைப் புயல் நாட்களில் நம் கடலில் இறங்குவது அறிவல்ல. கடல் தூரமாக இருக்கிறதே என்று கல்குவாரிக் குட்டையிலும் அணையிலும் பழகப் பார்ப்பது அதை விட மோசம்.

மூன்று முறை

டியூக்கின் பெரிய பலகை என்ன செய்தது என்பதை 1925-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி உலகம் பார்த்தது.

கலிபோர்னியாவில் கொரோனா டெல் மார் என்ற கடற்கரை. காலை நேரம். டியூக்கும் அவருடைய தோழர்களும் கரையில் இருந்தார்கள். கடல் கொந்தளித்துக் கொண்டிருந்தது. துறைமுக வாயிலில் தெல்மா என்ற மீன்பிடி படகு வந்து கொண்டிருந்தது. அதில் 29 பேர்.

ராட்சத அலை ஒன்று படகைப் புரட்டிப் போட்டது. அடுத்த அலை மனிதர்களை வாரித் தள்ளியது.

டியூக் யோசிக்கவில்லை. பலகையைத் தூக்கிக் கொண்டு ஓடினார். அலைகளுக்கு நடுவே கைகளால் துழாவி, தத்தளித்துக் கொண்டிருந்தவர்களிடம் போனார். கைக்கு எட்டியவர்களைப் பலகையில் இழுத்துப் போட்டார். கரைக்கு வந்தார். இறக்கி விட்டார். திரும்பிப் போனார். மறுபடியும் வந்தார். மறுபடியும் போனார்.

மூன்று முறை போனார். எட்டுப் பேரைக் கொண்டு வந்தார். தோழர்கள் நாலு பேரைக் காப்பாற்றினார்கள். 17 பேர் மாண்டு போனார்கள்.

வெறும் கையோடு நீந்திப் போகிறவன் ஒருவரைக் காப்பாற்றுவதே கஷ்டம். முழுகுகிறவர் பிடித்த பிடியில் இருவருமே போய்விடுவார்கள். பலகை மிதக்கிறது. பிடித்துக் கொள்ள இடம் இருக்கிறது. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு உயிர்காப்பு வீரர்கள் பலகையையும் தங்கள் சாதனமாகச் சேர்த்துக் கொண்டார்கள். அதுவரை அது விளையாட்டுச் சாமான்தான்.

பெட்ரோல் பங்கில் ஒலிம்பிக் வீரர்

இவ்வளவு புகழ் பெற்றவர் கோடீசுவரர் ஆகியிருப்பார் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. அந்த நாளில் ஒலிம்பிக் வீரர்கள் விளையாட்டினால் சம்பாதிக்கக் கூடாது என்று கண்டிப்பான விதி. பதக்கம் கழுத்தில், பை காலி.

ஹாலிவுட்டுக்குப் போனார். சின்னச் சின்ன வேடங்கள்தான் கிடைத்தன. அமெரிக்காவில் நிறத்தைக் காரணம் காட்டி அவருக்குச் சாப்பாடு தர மறுத்த ஓட்டலும் உண்டு. ஊருக்குத் திரும்பிப் பெட்ரோல் பங்க் நடத்தினார். மூன்று ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும் இரண்டு வெள்ளியும் வென்றவர் மோட்டார்களுக்குப் பெட்ரோல் போட்டார்! அதற்காக அவர் யாரிடமும் குறைப்பட்டுக் கொள்ளவில்லை. நாட்டுக்குத்தான் குறை.

1934-ல் ஹொனலூலு மக்கள் அவரை ஷெரீப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பதவியில் இருந்தார். 1940-ல், தமது 49-வது வயதில், நாடீன் என்ற பெண்மணியை மணந்தார்.

அலைச்சறுக்கை ஒலிம்பிக்கில் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அது அவர் உயிரோடு இருக்கும்போது நடக்கவில்லை. 1968-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 77. வைக்கிக்கியில் படகுகள் வரிசையாகக் கடலுக்குள் சென்றன. அவருடைய அஸ்தியை அலைகளிலேயே கரைத்தார்கள்.

2021-ல் ஜப்பானில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு முதல் தடவையாக இடம் பெற்றது. பெண்கள் பிரிவில் தங்கம் வென்றவர் கரீசா மூர். அவர் பிறந்த ஊர் ஹொனலூலு! 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நம் மாமல்லபுரத்திலேயே நடந்தது. இந்திய வீரர் ஒருவர் வெண்கலப் பதக்கம் பெற்றார். கட்டுமரத்தில் அலையைத் தாண்டிப் போகிற மீனவர்களின் பிள்ளைகள் பலர் நம் கடற்கரையில் இப்போது பலகை மேல் நிற்கிறார்கள். அவர்களுக்கு அலை புதிதல்ல.

1990-ல் வைக்கிக்கி கடற்கரையில் டியூக்குக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். பின்னால் பெரிய பலகை. இரண்டு கைகளையும் விரித்து, வருகிறவர்களை வரவேற்பது போல நிற்கிறார். சிலையின் முகம் ஊரைப் பார்க்கிறது, முதுகு கடலைப் பார்க்கிறது. இதில் ஹவாய்க்காரர்கள் சிலருக்கு வருத்தம். கடல் தெரிந்தவன் கடலுக்கு முதுகு காட்ட மாட்டானே, டியூக்கை இப்படி நிறுத்தலாமா என்று கேட்டார்கள். சிலையைத் திருப்பவில்லை. விரித்த அந்தக் கைகளில் ஜனங்கள் தினமும் பூமாலை போட்டு விட்டுப் போகிறார்கள்.